எத்தனை விளக்கு தெரிகிறது?

புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். விதிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றை என்னைவிட நன்றாகப் படித்து, பரீட்சை எழுதித் தேறி வந்திருக்கிறீர்கள். மூடுபனி நேரத்தில் ஓடுபாதை எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை இப்போது கருவி சொல்கிறது, நீங்கள் திரையைப் பார்த்து வாசிக்கிறீர்கள். நல்லது. இப்போது அந்தக் கருவி இருக்கிற இடத்தில் எண்பதுகளில் நான் இருந்தேன். புடவை கட்டி, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடி மப்ளர் சுற்றிக்கொண்டு நின்ற கருவி. அவ்வப்போது தும்மும்.

வேலை என்னவென்றால் இதுதான். பனி இறங்கிய காலையில் ஜீப்பில் ஏறி, விமானம் தரை தொடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடுபாதை ஓரமாகப் போக வேண்டும். அங்கே ஒரு சின்ன மேடை இருக்கும். அதில் ஏறி நின்று, ஓடுபாதை விளிம்பில் வரிசையாக எரியும் விளக்குகளில் எத்தனை கண்ணுக்குத் தெரிகின்றன என்று எண்ண வேண்டும். எண்ணியதை வாக்கிடாக்கியில், விமானங்களுக்கு வழி சொல்லும் டவருக்குச் சொல்ல வேண்டும். இத்தனை விளக்கு என்றால் இத்தனை மீட்டர் என்று அவர்களிடம் அட்டவணை உண்டு. அந்தத் தூரம் ‘மினிமம்’ என்று விதித்த அளவுக்குக் கீழே இருந்தால், விமானம் இறங்க முயற்சியே செய்யக் கூடாது.

அவ்வளவுதான் உத்தியோகம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்கு இதை விளக்கிச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். பங்காளிகளோடு பாகம் பிரித்ததும் தன் பங்கை விற்று, திருப்பூர் வேலம்பாளையத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி ஆரம்பித்திருந்தார். ‘லைட்டு எண்ணற வேலைக்கு எதுக்கு பி.எஸ்ஸி. படிச்சே?’ என்று வீட்டுக்கு வருகிற ஒறம்பரை சொந்தங்களின் முன்னாலெல்லாம் கேட்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அதே மனிதர் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து, என்னை ஸ்கூட்டரில் அவினாசி ரோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். முதல் பஸ் வரும்வரை கூடவே நிற்பார். நான் ஏறியதும் ‘பாத்துப் போ’ என்பார். ஒரு நாள்கூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

எண்ணுவது சுலபம் என்று நீங்களும் நினைத்தால் என் சக ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல மனிதர், எனக்கு முன்பே வேலைக்கு வந்தவர். அந்த மேடையில் நின்று நின்று, அங்கிருந்து எந்த விளக்கு எங்கே இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். லேசான பனி விழுந்த ஒரு காலையில் மேடையேறி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணீரென்று ஓர் எண்ணைச் சொன்னார். டவரில் இருந்தவர் மெதுவாகச் சொன்னாராம், கரண்ட் போய்விட்டது சார், ஜெனரேட்டர் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது, நாங்கள் இன்னும் விளக்கையே போடவில்லை என்று.

மாதக்கணக்கில் அவரை ஓட்டினோம். கேண்டீனில் அவர் டீ கேட்டால், டம்ளர் வராமலேயே குடிச்சு முடிச்சிருப்பீங்களே என்போம். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அவர் நிஜமாகவே பார்த்தார். இருக்கும் என்று மனசு நினைப்பதை, இருப்பதாகவே கண்ணும் காட்டிவிடும். அதற்குப் பிறகு நான் மேடையில் ஏறியதும் முதலில் கண்ணை மூடிக்கொள்வேன். மனசுக்குள் இருக்கிற கணக்கெல்லாம் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்று, பிறகு திறந்து, காலடியில் இருக்கும் விளக்கிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணுவேன். பார்க்கிறவர்களுக்குச் சாமி கும்பிடுவது போல இருக்கும். ஜீப் டிரைவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அவரும் ஒரு கும்பிடு போடுவார்.

இனி நான் எழுத வந்த கதை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. என் வீட்டுக்காரரின் கம்பெனி அதுவரை மற்ற பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. சொந்தமாக ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. எத்தனையோ பேருக்குச் சாம்பிள் அனுப்பி, கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். பம்பாயிலிருந்து காலை விமானத்தில் வருவார், ஒரே ஒரு நாள் திருப்பூரில் இருப்பார், பிடித்திருந்தால் ஆர்டர். அதை நம்பி இவர் புதிதாகத் தையல் மெஷின்கள் இறக்கி, அக்கம்பக்கத்துப் பெண்கள் பலரை வேலைக்குச் சேர்த்திருந்தார். எல்லாரும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெண்கள். கம்பெனிக்கு வெள்ளையடித்து, வாசலில் மாவிலை கட்டியாகிவிட்டது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக டை வாங்கினார். அதைக் கட்டத் தெரியாமல் துணி வியாபாரி காதர் பாய் வந்து கட்டிப் பழக்கிவிட்டார். பாய் அவருக்கு அண்ணன் தம்பி மாதிரி. துணி அவரிடமிருந்துதான் வரும், யோசனையும் அவரிடமிருந்துதான் வரும்.

அன்று காலையும் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். பஸ் நிறுத்தத்தில் கேட்டார்.

“ஏரோப்ளேன் நேரத்துக்கு எறங்கீரும் அல்லொ?”

“எறங்காம எங்கீங்க போகப் போவுது?” என்றேன்.

அவினாசி தாண்டும்போதே பஸ்ஸின் கண்ணாடியில் ஈரம் படிய ஆரம்பித்தது. கண்டக்டர் கதவருகே நின்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். முந்தின வாரம் முழுக்க மழை, தரை ஈரம், காற்று இல்லை. பனி வருவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தது. அதைப் படித்தவள் நான். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தபோது அதெல்லாம் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விமான நிலையத்துக்குப் போனதும் நேராக ஜீப். மேடையேறினேன். கண்ணை மூடித் திறந்தேன். பனி உயரமாக இல்லை. தலைக்கு மேலே வானம் நீலமாகவே வெளுத்துக்கொண்டிருந்தது. டவர் கட்டிடத்தின் மேல்பாதி நன்றாகத் தெரிந்தது, கீழ்ப்பாதியைக் காணோம். தரையோடு தரையாக, வெள்ளையாக ஒரு படலம் படுத்துக் கிடந்தது. நான் எண்ணினேன். மினிமத்துக்கு ஒரு விளக்கு குறைந்தது.

ஒரே ஒரு விளக்கு. அதுவும் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வரும், போகும். படலம் கொஞ்சம் நகர்ந்தால் மஞ்சளாக ஒரு புள்ளி தெரியும். அதோ என்று நினைப்பதற்குள் மறைந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தெரிந்தது. மறைந்தது.

அந்த நேரம் டவரில் இருந்த அதிகாரி திருநெல்வேலிக்காரர். எங்கள் நிலையத்திலேயே விதிகளைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். குரலை உயர்த்தாமல் பேசுவார். நான் எண்ணையும், ஒரு விளக்கு வந்து வந்து போவதையும் சொன்னதும் அவர் உடனே ஏற்கவில்லை.

“ஏம்மா, இங்கன இருந்து பாத்தா கடைசி லைட்டு வரைக்கும் பளிச்சுன்னு தெரியுதே. நீங்க என்ன இப்படிச் சொல்லுதீங்க?”

நான் மறுபடி எண்ணுகிறேன் என்றேன். எண்ணினேன். அதேதான். இதற்குள் விமானம் வந்துவிட்டது. சத்தம் கேட்டு நிமிர்ந்தால், எனக்கு நேர் மேலே, வெயில் பட்டு வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு சுற்றியது. கீழே நிற்கிற எனக்கு அது தெரிந்தது, மேலே இருந்தவருக்கு ஓடுபாதை தெரிந்தது. பைலட் டவரிடம், பாதை முழுக்க என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, மினிமத்துக்குக் கீழே என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறாராம். டவர் அதிகாரி அதை என்னிடம் அப்படியே சொன்னார். பிறகு, வந்து வந்து போகிற அந்த விளக்கைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதவில்லை என்றும் சொன்னார். எழுதவில்லைதான். எனக்கும் தெரியும். சேர்க்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

டவருக்குத் தெரிகிறது. பைலட்டுக்குத் தெரிகிறது. வெளியே, ஜெர்மன்காரரை அழைத்துப்போக வாடகைக்கு எடுத்த அம்பாசிடர் பக்கத்தில், கழுத்தை இறுக்கும் டையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற என் வீட்டுக்காரருக்கும் விமானம் தெரிகிறது. ஊருக்கே தெரிவது எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த மேடையில் நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்பதை எழுதிக் காட்ட எனக்கு வராது. எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு சந்தேகமும் வந்து குடைந்தது. வீட்டுக்காரர் காரியம் என்பதால் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பில், இருக்கிற விளக்கை இல்லை என்கிறேனோ? மற்ற நாளாக இருந்தால் இதைச் சேர்த்திருப்பேனோ? இரண்டு பக்கமும் என்னையே நான் நம்ப முடியாத நிலைமை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. இந்த விதி யாருடைய கண்ணைப் பற்றிப் பேசுகிறது? டவர் ஜன்னலில் நிற்பவருடைய கண்ணையா? மேலே சுற்றுகிறவருடைய கண்ணையா? இல்லை. சக்கரம் தரையைத் தொடப் போகிற அந்த நொடியில், பைலட்டின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்தக் கண்ணைப் பற்றி. அந்த இடத்தில் அவர் வந்து சேரும்வரை அவருக்குப் பதிலாக நிற்பதற்குத்தானே என்னை இங்கே மேடை போட்டு ஏற்றி வைத்திருக்கிறார்கள். மேலிருந்து நேராகக் கீழே பார்க்கும்போது அவர் இந்த மெல்லிய படலத்தை அதன் கனத்துக்கு மட்டும்தான் ஊடுருவிப் பார்க்கிறார். இறங்கி வந்து இதற்குள் மூக்கை நுழைத்ததும் அதையே நீளவாக்கில் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் வருகிறவர், ஒரு விளக்கு மறுபடி வரட்டும் என்று காத்திருக்க முடியுமா?

கண்ணை மூடினேன். திறந்தேன். காலடியிலிருந்து எண்ணினேன். நிலையாக எரிந்தவற்றை மட்டும் சொன்னேன். டவர் அதிகாரி, “சரிம்மா. நீங்க சொன்னதைத்தான் நான் சொல்லப் போறேன்” என்றார். ஓடுபாதை ஓரத்தில் ஆள் நின்று எண்ணும்போது டவர் ஜன்னல் பார்வைக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். தன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, என் கண்ணுக்குத் தெரியாததைப் பைலட்டிடம் சொன்னார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று வயசான பிறகுதான் எனக்கு உறைத்தது.

விமானம் இன்னும் சில சுற்றுச் சுற்றியது. பிறகு சத்தம் தேய்ந்துகொண்டே போய்விட்டது. விமானத்தைப் பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில், நல்லவேளை, அதற்குப் பிறகு பனி இன்னும் அடர்ந்து நான் சொன்னது சரி என்று எல்லாருக்கும் விளங்கியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. விமானம் போன சூட்டோடு சூடாக வெயில் ஏறி, படலம் கிழிந்து, கொஞ்ச நேரத்தில் ஓடுபாதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்து வைத்தது போல் கிடந்தது. அலுவலகத்துக்கு நடந்து வந்தேன். பயணிகளை வரவேற்க வந்திருந்தவர்கள் வானத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வெயிலில் இறங்க முடியாதாம் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். போய்க் காரில் ஏறினார்.

அந்த ஜெர்மன்காரர் பெங்களூரில் இறங்கியவர் திருப்பூருக்கு வரவே இல்லை. அங்கேயே யாரையோ பார்த்து, அவருக்கே ஆர்டரைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவர் வாசல் அறையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சாம்பிள் பை அப்படியே கிடந்தது. நிலையத்தில் அவர் விசாரித்திருக்கிறார். திருநெல்வேலி அதிகாரியே வெளியே வந்து அவரிடம் பேசியிருக்கிறார், முடிவு டவருடையதும் பைலட்டுடையதும் என்று சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் பேசாமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

“முடிவு டவருதுன்னு அவிய சொன்னாங்க. அப்ப நீ அங்க என்ன பண்ணீட்டு இருந்தே?” என்று கேட்டார்.

“நான் சொன்ன கணக்கைத்தானுங்க அவிய பைலட்டுக்குச் சொன்னாங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எவ்வளவு கொறஞ்சுது?”

“ஒரு லைட்டுங்க.”

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவர் பேசாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. சாம்பிள் பையைத் திறந்து ஒரு துணியை உருவினேன். பனியனுக்கு உள்ள மெல்லிய பின்னல் துணி. சுவரில் எரிந்துகொண்டிருந்த விளக்குக்கு நேராக, அவர் கண்ணுக்கு முன்னால் அதை விரித்துப் பிடித்தேன். பாருங்க, லைட்டு தெரியுதா என்றேன். பின்னல் கண் வழியாக நன்றாகவே தெரிந்தது. பிறகு துணியைப் படுக்கவைத்தாற்போலச் சாய்த்தேன். அதே துணி, அதே விளக்கு. இப்போது எதுவும் தெரியவில்லை. மேலே இருந்து பைலட் பார்த்தது முதலாவது, இறங்கும்போது அவர் பார்க்கப் போவது இரண்டாவது என்று சொன்னேன்.

அவர் துணியை என் கையிலிருந்து வாங்கினார். மடிப்புக் கலையாமல் மடித்துப் பையில் வைத்தார். “சாம்பிளை அழுக்குப் பண்ணாதே” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விடியற்காலையில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. நான் தயாராகி வாசலில் நின்றேன். அவர் போர்வைக்குள் இருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு நான் நடந்தே போனேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. விளக்கு எண்ணும் உத்தியோகம் என்ற கேலி மட்டும் நின்றுபோனது. ‘பாத்துப் போ’வும் நின்றுபோனது. கேலி செய்யுங்கள் என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது. புதிதாகச் சேர்த்த பெண்களில் பாதிப் பேரை வேறு கம்பெனிக்குப் போகச் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் சரியாகத்தான் செய்தேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது? வருஷக்கணக்கில் அந்த இருட்டில் தனியாக நடந்து போனேன்.

உங்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். விதியைச் சரியாகப் படித்தால் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இறங்காத விமானத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. நீங்கள் தடுத்தது ஒரு விபத்தையா, ஒன்றுமில்லாததையா என்பது கடைசிவரை தெரியாமலே போகும். அந்தத் தெரியாமையோடு வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடப் பழகிக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி நிமிர்ந்துவிட்டது. வேறு வழியில், வேறு ஆட்கள் மூலமாக ஆர்டர் வர ஆரம்பித்தது. அவரும் காதர் பாயும் சேர்ந்து பம்பாய்க்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒரு தை மாதத்தில் அப்படிப் போய்விட்டு, இரண்டு பேரும் காலை விமானத்தில் திரும்ப வேண்டிய நாள். அன்று மத்தியானம் பாய் வீட்டில் விசேஷம். மூத்த பெண்ணை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் ஈரோட்டிலிருந்து வருகிறார்கள். பெண்ணின் அப்பா இல்லாமல் எப்படி?

அன்றைக்குப் பார்த்து எனக்குக் காலை ஷிப்ட். அன்றைக்குப் பார்த்துத் தரையோடு தரையாக வெள்ளைப் படலம். மேடையேறி நின்றபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணை மூடினேன், திறந்தேன், எண்ணினேன். இந்தத் தடவை வந்து போகிற விளக்கு எல்லாம் கிடையாது, குறைவென்றால் குறைவுதான். சொன்னேன். மேலே சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தம் தேய்ந்து போனது.

அவர் பெங்களூரிலிருந்து பாயோடு வாடகைக் கார் பிடித்து வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. குளித்தார், சாப்பிட்டார். உள்ளே போய் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய கதை மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

ராத்திரி வெகுநேரம் கழித்துப் பாய் வந்தார், கையில் இனிப்புப் பொட்டலத்தோடு. மாப்பிள்ளை வீட்டார் பிரியாணியை ஆறவைத்துக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருந்தார்களாம், நிச்சயம் நல்லபடியாக முடிந்ததாம். வாழ்த்துச் சொன்னேன். நிச்சயத்துக்கு நேரமாகிப்போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“தங்கச்சி, பிளேன்ல உக்காந்துட்டு உங்களைத்தான் திட்டீட்டு இருந்தேன். நீங்கன்னு தெரியாதுங்க. ஜன்னல்ல பாத்தா பாதை அப்படியே கெடக்குது. எறக்க முடியாதுங்கறாங்க. கீழ எவனோ தூங்கிட்டு இருக்கறான்னு சத்தம் போட்டேன். பக்கத்துல, பின்னால எல்லாரும் சேந்துக்கிட்டாங்க.”

பாய் சத்தம் போட்டு ஓய்ந்ததும், என் வீட்டுக்காரர் காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு சாம்பிள் துணியை எடுத்திருக்கிறார். பாயின் முகத்துக்கு நேரே பிடித்து, மேலே எரிகிற விளக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிறகு துணியைச் சாய்த்து, இப்போது பாருங்கள் என்றிருக்கிறார். முன்வரிசையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தாராம்.

“அப்பறம் சொன்னாருங்க தங்கச்சி. கீழ யாரும் தூங்கலீங்க பாய், அங்க நிக்கறது என்ற ஊட்டுக்காரி, அவ தெரியலைன்னு சொன்னா தெரியலைதான், நாம ஊடு போய்ச் சேந்தாப் போதும்னு.”

உள்ளே ரேடியோவின் சத்தம் கூடியது. பாய் கண்ணைச் சிமிட்டினார். காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய், அடுப்பைப் பற்ற வைக்காமலே நெடுநேரம் நின்றேன். பாய் போன பிறகு அவரிடம் போய், பிளேனில் அப்படிச் சொன்னீர்களாமே என்று கேட்டேன். பாய் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார், விடு என்றார். ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் நான் கதவைத் திறந்தபோது ஸ்கூட்டர் வாசலில் நின்றது. அவர் பழைய பனியன் துணியால் பின்சீட்டின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகத் தினமும் அதைத்தான் செய்து வந்தவர் போல, “ஏறு, நேரமாச்சு” என்றார். ஏறி உட்கார்ந்தேன். பஸ் நிறுத்தத்தில் கூடவே நின்றார். பஸ் வந்தது. நான் படியில் கால் வைத்ததும் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“பாத்து எண்ணு.”

அன்று பனியே இல்லை. வானம் கழுவிவிட்டது போல் இருந்தது, எண்ணுவதற்கு எந்த அவசியமும் இல்லை. ஆனாலும் நிலையத்துக்குப் போனதும் ஜீப்பை எடுக்கச் சொன்னேன். மேடையில் ஏறி நின்று, டவரைக் கூப்பிட்டு ஓடுபாதை விளக்குகளைக் கொஞ்ச நேரம் போடுங்கள் என்றேன். எதற்கு மேடம், இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டார்கள். சும்மா போடுங்கள் என்றேன். போட்டார்கள். கண்ணை மூடித் திறந்து, காலடியிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். கடைசி விளக்கு வரை தெரிந்தது.